அணை உடையவில்லை

(முன்னாள் மாணவர் சங்க ஒன்றுகூடல் விழாவில் ஆற்றிய உரை)



சாப்பாட்டுக்கு முன்னால் கடைசிப் பேச்சு என்னுடையதுதான் என்று செயலாளர் அண்ணன் சொன்னார். சாம்பார் வாசனை எனக்கும் வருகிறது. அதனால் ஒரே ஒரு விஷயம் மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுகிறேன்.

எங்களுக்கு இரண்டாம் ஆண்டில் பொறியியல் நிலவியல் என்று ஒரு பாடம் இருந்தது. மதியச் சாப்பாடு முடிந்ததும் முதல் வகுப்பு. ஹாஸ்டல் சாப்பாட்டைச் சாப்பிட்டுவிட்டு வந்து அந்த வகுப்பில் கண்ணைத் திறந்து வைத்திருந்தவனுக்குத் தனியாகவே பட்டம் கொடுக்கலாம். ஒரு நாள் சார் போர்டில் ஓர் அணையை வரைந்துவிட்டு எங்கள் பக்கம் திரும்பினார்.

"இது இத்தாலியில இருக்கு. 1963-ல ஒரு ராத்திரி, இதுக்குக் கீழே இருந்த ஊரே போச்சு. ஏறக்குறைய ரெண்டாயிரம் பேர் செத்தாங்க. ஆனா அணை உடையல. இன்னிக்கும் அப்படியே நிக்குது. எப்படிடா?"

"ஷட்டரைத் திறந்து விட்டிருப்பாங்க சார்" என்றான் ஒருவன். நான் பூகம்பம் என்றேன். சார் சிரிக்கவில்லை. விஷயத்தைப் பத்து நிமிஷத்தில் சொல்லி முடித்தார். பரீட்சையில் அது ஐந்து மார்க் கேள்வியாக வந்தது. நான் நாலு மார்க் வாங்கினேன். அதோடு மறந்தும் போனேன்.

2022 ஜூன் மாதம் ஓர் இயந்திரத்தைச் சோதித்துப் பார்த்து வாங்குவதற்காக அலுவலகத்தில் என்னை இத்தாலிக்கு அனுப்பினார்கள். இடையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கிடைத்தது. கூட வந்தவர்கள் வெனிஸ் பார்க்கப் போனார்கள். எனக்குச் சாரின் கேள்வி ஞாபகம் வந்தது. ஏன் அப்போது வந்தது என்பதைக் கடைசியில் சொல்கிறேன். பெல்லூனோ வழியாக வடக்கே போகும் ரயிலில் ஏறி, லோங்கரோனே என்ற ஊரில் இறங்கினேன்.

ஸ்டேஷனுக்கு வெளியே வந்து கிழக்கே பார்த்தால், பியாவே ஆற்றுக்கு அந்தப் பக்கம், இரண்டு பாறை மலைகளுக்கு நடுவில் ஓர் இடுக்கு. அந்த இடுக்கில் வெளுப்பாக ஓர் ஆப்பு செருகியது போல அணை தெரிகிறது. அதுதான் வயோந்த் அணை. உயரம் 261.6 மீட்டர். நம் ஸ்ரீரங்கம் ராஜகோபுரம் 72 மீட்டர். அதுபோல மூன்றரை கோபுரத்தை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் வரும் உயரம். மேலே கான்கிரீட்டின் தடிமன் வெறும் 3.4 மீட்டர்தான். இரண்டு பக்கமும் வளைந்த ஆர்ச் அணை. 1957-ல் வேலை ஆரம்பித்து 1960-ல் முடித்தார்கள். அந்த வகையில் அப்போது உலகிலேயே உயரமானது. வடிவமைத்தவர் கார்லோ செமென்சா என்ற பொறியாளர். எத்தனையோ அணைகள் கட்டிக் கைதேர்ந்தவர். சிவில் படித்தவன் எவனும் அதைப் பார்த்தால் ஒரு நிமிஷம் மூச்சு விட மறந்துதான் போவான். நானும் மறந்தேன்.

ஒரு டாக்சி பிடித்து மேலே போனேன். மலையைக் குடைந்த சுரங்கப் பாதைகள் வழியாக ரோடு ஏறுகிறது. அணை அருகே இறங்கி, பின்பக்கம் நீர்த்தேக்கத்தைப் பார்க்கலாம் என்று திரும்பினேன்.

நீர்த்தேக்கம் இல்லை. தண்ணீர் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு மலை இருக்கிறது. அதன்மேல் மரம் வளர்ந்திருக்கிறது, புல் முளைத்திருக்கிறது, ரோடே போகிறது. தெற்கே நிமிர்ந்து பார்த்தால் டோக் என்ற மலை. அதன் சரிவில் இரண்டு கிலோமீட்டர் நீளத்துக்குத் தோலை உரித்தாற்போல வழவழவென்று வெறும் பாறை. அங்கே இருந்த மலைதான் இங்கே வந்து கிடக்கிறது. சார் போர்டில் கேட்ட கேள்விக்குப் பதில் அப்படியே கண்முன்னால்.

1963 அக்டோபர் 9, இரவு 10 மணி 39 நிமிஷம். டோக் மலையின் சரிவிலிருந்து சுமார் 27 கோடி கன மீட்டர் பாறையும் மண்ணும் ஒரே துண்டாக வழுக்கி நீர்த்தேக்கத்தில் இறங்கியது. வேகம் மணிக்குச் சுமார் 100 கிலோமீட்டர். நம்ம ஊர்க் கணக்கில் சொன்னால், ஏரி முழுக் கொள்ளளவே 6 டி.எம்.சி.தான், விழுந்த மலை ஒன்பதரை டி.எம்.சி. அண்டா நிறையத் தண்ணீரை வைத்து அதில் அண்டாவை விடப் பெரிய கல்லைப் போட்டால் என்ன ஆகும்? தண்ணீர் எதிர்க்கரையில் 200 மீட்டருக்கு மேல் ஏறி, காசோ கிராமத்தின் கீழ்வீடுகளைத் தொட்டது. இரண்டரைக் கோடி கன மீட்டருக்குக் குறையாத தண்ணீர் அணைக்கு மேலே தாண்டி அந்த இடுக்குக்குள் விழுந்து, சில நிமிஷங்களில் லோங்கரோனேயை அடைந்தது. தண்ணீருக்கு முன்னால் காற்று வந்து அடித்தது.

அன்றைக்கு டி.வி.யில் ரியல் மாட்ரிட் கால்பந்துப் போட்டி. டி.வி. இல்லாத பக்கத்து ஊர்க்காரர்கள் லோங்கரோனே கடைகளில் பார்க்க வந்திருந்தார்கள். இறந்தவர்கள் 1,900 பேருக்கு மேல். பொர்தோஞா கல்லறையில் 1,910 வெள்ளைக் கற்கள் வரிசையாக நிற்கின்றன. அணைக்குப் போகும் வழியில் ஒரு கம்பி வேலி நெடுகச் சின்னச் சின்ன வண்ணத் துணிக்கொடிகள் கட்டியிருந்தார்கள். திருவிழாத் தோரணம் என்று நினைத்துக் கிட்டே போனேன். ஒவ்வொரு கொடியும் ஒரு குழந்தைக்காம். 487 குழந்தைகள்.

அணைக்கு? உச்சியில் கொஞ்சம் சேதம். அவ்வளவுதான். கணக்குப் போட்டதை விடப் பல மடங்கு அடியை வாங்கிக்கொண்டு நின்றுவிட்டது. நம் தொழில்முறைப்படி பார்த்தால் அந்த டிசைன் நூற்றுக்கு நூறு.

"மலை விழும் என்று யாருக்குத் தெரியும்?" என்று நீங்கள் கேட்கலாம். அணை உச்சியில் எங்களை நடத்திக் கூட்டிப்போன உள்ளூர் அம்மா ஒருவர் இருந்தார். அவரிடம் நானும் அதைத்தான் கேட்டேன். அவர் எண்ணி எண்ணிச் சொன்னார். ஊருக்கு வந்த பிறகு படித்துப் பார்த்தேன். எல்லாம் ஆவணத்தில் இருக்கிறது.

முதலில் அந்த மலையின் பெயர். டோக் என்பது, அந்த வட்டாரப் பேச்சில் ஊறி அழுகியது என்று பொருள்படும் ஒரு சொல்லிலிருந்து வந்தது என்பார்கள். பெயர் வைத்தவர்கள் எந்தக் கல்லூரியிலும் படித்தவர்களில்லை. மாடு மேய்த்தவர்கள்.

1959 மார்ச்சில், அதே கம்பெனியின் இன்னொரு நீர்த்தேக்கமான பொன்தெசெயில் மலை சரிந்து ஒரு காவலாளி இறந்தார். அதே 1959-ல் டீனா மெர்லின் என்ற பத்திரிகையாளர், வயோந்த் கரையில் இருக்கும் எர்த்தோ கிராமத்து மக்களின் பயத்தை எழுதினார். பொய்ச் செய்தி பரப்பிப் பொது அமைதியைக் கெடுத்ததாக அவர் மேல் வழக்குப் போட்டார்கள். 1960 நவம்பரில் மிலான் நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது. அதே நவம்பர் 4-ஆம் தேதி, டோக் மலையிலிருந்து ஏழு லட்சம் கன மீட்டர் சரிந்து ஏரியில் விழுந்தது. மேலே சரிவில் சுமார் இரண்டு கிலோமீட்டருக்கு ஆங்கில எம் எழுத்து வடிவத்தில் விரிசல் விட்டது.

அங்கே பழைய, பெரிய நிலச்சரிவு ஒன்று படுத்திருக்கிறது என்று எழுதிக் கொடுத்த நிலவியலாளர் யார் தெரியுமா? எத்வார்தோ செமென்சா. அணையை வடிவமைத்தவரின் சொந்த மகன். அப்பாவுக்கு மகன் சொல்லியிருக்கிறான். 1961 தொடக்கத்தில் ம்யூல்லர் என்ற ஆஸ்திரிய நிபுணரும், நகர்வது சுமார் 20 கோடி கன மீட்டர் என்று அறிக்கை கொடுத்தார். அந்த வருஷம் பெரிய செமென்சா ஒரு கடிதத்தில், இத்தனை காலம் இத்தனை கட்டிய பிறகு இப்போது கைக்கு அடங்காத ஒன்றின் முன்னால் நிற்கிறேன் என்ற பொருளில் எழுதினார். அந்த வருஷமே காலமானார்.

ஆக, தெரியாமல் நடக்கவில்லை. தெரிந்த பிறகு என்ன செய்தார்கள் என்பதுதான் மாணவர்கள் கவனிக்க வேண்டிய இடம். அவர்கள் ஒன்றும் கை கட்டிக்கொண்டு இருக்கவில்லை. சரிவு ஏரியை இரண்டாகப் பிரித்தாலும் தண்ணீர் வரட்டும் என்று 1961-ல் பக்கவாட்டில் ஒரு சுரங்கம் வெட்டினார்கள். மலையில் குறிகள் நட்டு நகர்வை அளந்தார்கள். மாதிரி செய்து சோதித்தார்கள்.

அளந்ததில் ஒரு விஷயம் கண்டார்கள். ஏரி மட்டம் ஏறினால் மலை வேகமாக நகர்கிறது. இறக்கினால் நின்றுவிடுகிறது. 1960-ல் முதல் முறை நிரப்பியபோது ஒரு நாளைக்கு மூன்றரை சென்டிமீட்டர் வரை போனது. இறக்கினார்கள், நின்றது. 1962 கடைசியில் இன்னும் உயரமாக, 700 மீட்டர் மட்டம் வரை ஏற்றினார்கள். நகர்வு ஒன்றரை சென்டிமீட்டர்தான். இறக்கினார்கள், மறுபடி நின்றது. பாருங்கள், முதல் தடவையை விடக் குறைவு! ஒரு முறை நனைந்த பாறை மறுமுறை நனையும்போது அவ்வளவு அசையாது என்று ஒரு கொள்கை பிறந்தது. தண்ணீர் மட்டம்தான் பிரேக், அது நம் கையில் இருக்கிறது, மெதுவாக ஏற்றி இறக்கினால் மலையை மெதுவாகவே இறக்கி உட்கார வைத்துவிடலாம் என்று நம்பினார்கள்.

மாதிரிச் சோதனையும் அப்படித்தான். ஏரியை 200-ல் ஒரு பங்காகச் செய்து, கூழாங்கல்லைச் சரியவிட்டுப் பார்த்தார்கள். ம்யூல்லர் சொன்னது 20 கோடி. மாதிரியில் எடுத்துக்கொண்டது 4 கோடி. அதுவும் ஒரே துண்டாக வராது, இரண்டாகப் பிரிந்து வரும் என்று வைத்துக்கொண்டார்கள். முடிவு என்ன வந்தது? 700 மீட்டர் மட்டத்தில் வைத்தால் எவ்வளவு பெரிய சரிவு வந்தாலும் ஆபத்தில்லை.

1963-ல் மூன்றாவது முறை ஏற்றினார்கள். செப்டம்பரில் 710 மீட்டர். மழையும் சேர்ந்தது. வேகம் கூடியது. பழைய பழக்கத்தில் மெதுவாக இறக்க ஆரம்பித்தார்கள். இந்த முறை மலை நிற்கவில்லை. மட்டம் இறங்க இறங்க வேகம் ஏறியது. அடியில் சுண்ணாம்புப் பாறை அடுக்குகளுக்கு நடுவே சில சென்டிமீட்டர் கனத்தில் களிமண் படலங்கள் இருந்தன என்பதைப் பின்னால் வந்த ஆராய்ச்சியாளர்கள் காட்டினார்கள். அக்டோபர் 8-ஆம் தேதி டோக் சரிவில் இருந்தவர்களை வெளியேறச் சொன்னார்கள். 9-ஆம் தேதி நகர்வு ஒரு நாளைக்கு 20 சென்டிமீட்டர். அன்று இரவு ஏரி மட்டம் 700 மீட்டரும் கொஞ்சமும். பாதுகாப்பு என்று சோதனை சொன்ன அதே மட்டம். கீழே இருந்த லோங்கரோனேக்காரர்களிடம் யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

பின்னால் வழக்கு நடந்தது. 1968-ல் விசாரணை தொடங்கவிருந்த தறுவாயில் ஒரு பொறியாளர் தற்கொலை செய்துகொண்டார். 1971-ல் கடைசித் தீர்ப்பு வந்தது. அந்தச் சரிவு முன்கூட்டியே தெரிந்திருக்கக்கூடியது என்று நீதிமன்றம் சொன்னது. அந்த வழக்கின் காகிதங்களை யுனெஸ்கோ 2023-ல் உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்திருக்கிறது. பொறியாளர்கள் எல்லோரும் படிக்க வேண்டிய காகிதங்கள்.

இவ்வளவு தூரம் மற்றவர்களின் தப்பைச் சொன்னேன். இனி என்னுடையது.

நான் வயோந்த் போனதற்கு முந்தைய வருஷம், நகரத்தின் பழைய பகுதி ஒன்றில் எங்கள் வேலை நடந்தது. இரண்டு தளம் ஆழத்துக்கு பேஸ்மென்ட் தோண்டிக்கொண்டிருந்தோம். பக்கத்தில் ஒரு பழைய வீடு. வயதான அம்மா ஒருவர் தனியாக இருந்தார். ஒரு நாள் காலையில் சைட் கேட்டில் வந்து நின்றார்.

"தம்பி, உள்ரூம் கதவு ஒரு வாரமா சாத்த மாட்டேங்குதுப்பா. கொஞ்சம் வந்து பாரேன்."

"மழைக்காலம்மா. மரம் உப்பியிருக்கும். வெயில் வந்தா சரியாயிடும்" என்றேன். போய்ப் பார்க்கவில்லை.

அந்த வீட்டுச் சுவரில் நாங்கள் மூன்று குறிகள் வைத்து, வாரா வாரம் எவ்வளவு இறங்குகிறது என்று அளந்துகொண்டிருந்தோம். எங்களுக்குச் சொல்லப்பட்ட எல்லை 10 மில்லிமீட்டர். அந்த வாரம் ஒன்று 13, ஒன்று 6, ஒன்று 5. மூன்றையும் கூட்டி மூன்றால் வகுத்தால் 8. ரிப்போர்ட்டில் சராசரி 8 என்று போட்டுக் கையெழுத்துப் போட்டேன். பொய் எழுதவில்லை. கணக்கு சரி. டீ குடிக்கப் போய்விட்டேன்.

என்னிடம் வேலை பார்த்த பெண், படித்து முடித்து இரண்டு வருஷம்கூட ஆகவில்லை. சாயங்காலம் ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு தயங்கித் தயங்கி வந்தாள். "சார், 13 வந்த குறி எந்தப் பக்கம் சார்? அந்தப் பாட்டி சொன்ன ரூமும் அந்தப் பக்கம்தானே?"

அன்று ராத்திரியே டார்ச்சை எடுத்துக்கொண்டு அந்த வீட்டுக்குப் போனேன். கதவு நிலை சாய்ந்திருந்தது. மேலே மூலையில் விரல் நுழையும் அளவுக்கு விரிசல். பாட்டி என்னை உட்காரச் சொல்லி மோர் கொடுத்தார். எனக்கு இறங்கவில்லை. மறுநாள் தோண்டுவதை நிறுத்தினோம். அந்தப் பக்கம் மண்ணைத் திருப்பிப் போட்டு, கூடுதலாக முட்டுக் கொடுத்து, மறுபடி ஆரம்பிக்கப் பதினோரு நாள் ஆனது. எனக்கு நல்ல திட்டு கிடைத்தது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அதனால்தான் இந்த மேடையில் நின்று இதைக் கதையாகச் சொல்ல முடிகிறது.

இத்தாலியில் எனக்குக் கிடைத்த ஒரே ஞாயிற்றுக்கிழமையில் நான் ஏன் வெனிஸ் போகவில்லை என்று இப்போது புரிந்திருக்கும். அணை உச்சியில் நின்றபோது, அந்தப் பொறியாளர்களை முட்டாள்கள் என்றோ கெட்டவர்கள் என்றோ என்னால் நினைக்க முடியவில்லை. அவர்கள் 4 கோடி என்று எடுத்துக்கொண்டதும் நான் 8 மில்லிமீட்டர் என்று எழுதியதும் ஒரே கையெழுத்துதான். இரண்டிலும் கணக்கு சரி. கேள்வி கேட்ட இடம்தான் தப்பு. அவர்கள் அணை நிற்குமா என்று கேட்டார்கள், நின்றது. நான் எல்லைக்குள் இருக்கிறதா என்று கேட்டேன், இருந்தது. மலையைப் பற்றிக் கேட்டவர்கள் எர்த்தோ கிராமத்து மக்கள். வீட்டைப் பற்றிக் கேட்டவர் பாட்டி.

இன்னொன்று. ஒவ்வொரு தடவையும் இறக்கினால் நின்றது என்பதால்தான் அவர்கள் மூன்றாவது தடவை ஏற்றினார்கள். இரண்டு தடவை தப்பித்தது அவர்களுக்கு எச்சரிக்கையாகப் படவில்லை, நிரூபணமாகப் பட்டது. அத்தனை செலவு செய்து கட்டியாயிற்று, இனி நிறுத்துவதா என்ற எண்ணமும் சேர்ந்திருக்கும். பதினோரு நாளுக்கே எனக்கு அந்த எண்ணம் வந்தது. ஒளிக்காமல் சொல்கிறேன்.

தம்பி தங்கைகளே, அறிவுரை சொல்லும் வயது எனக்கு இன்னும் வரவில்லை. எனக்கு நானே வைத்துக்கொண்ட இரண்டு பழக்கங்களை மட்டும் சொல்கிறேன். எந்த ரிப்போர்ட்டிலும் சராசரி எழுதினால் பக்கத்திலேயே அதிகபட்சத்தையும் எழுதுவேன், அது எந்த மூலையில் வந்தது என்றும் எழுதுவேன். சைட்டுக்குப் பக்கத்தில் குடியிருப்பவர் யாராவது வந்து கதவு சாத்தவில்லை, கிணறு கலங்குகிறது, மரம் சாய்கிறது என்று சொன்னால், பதில் சொல்வதற்கு முன்னால் போய்ப் பார்த்துவிடுவேன். பெரும்பாலும் மரம் உப்பியதாகத்தான் இருக்கும். இருக்கட்டும். பத்து நிமிஷ நடைதானே.

அந்த ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு தயங்கி நின்ற பெண்ணை இந்த விழாவுக்கு அழைத்து வரவேண்டும் என்று ஆசைப்பட்டேன். அவள் வேறு கல்லூரி. அவள் சார்பில் உங்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். வேலைக்குப் போன முதல் வருஷத்தில் உங்களுக்கும் அப்படி ஒரு சந்தேகம் வரும். மேலே இருப்பவர் கையெழுத்துப் போட்டுவிட்டாரே என்று விட்டுவிடாதீர்கள். தயங்கிக்கொண்டேயாவது போய்க் கேளுங்கள். இங்கே முன்வரிசையில் இருக்கும் அண்ணன்மார்களுக்கும் ஒரு வேண்டுகோள். அப்படிக் கேட்க வருகிறவர்களை உட்கார வைத்துக் கேளுங்கள்.

அன்று போர்டில் அணையை வரைந்த சாரிடம், ஐந்துக்கு நாலு மார்க் வாங்கிய அந்த விடைக்கு மிச்சம் ஒரு மார்க் எங்கே போனது என்று நான் அப்போது கேட்கவில்லை. அது எங்கே இருந்தது என்று இப்போது தெரிகிறது. அணை ஏன் உடையவில்லை என்று பக்கம் நிறைய எழுதியிருந்தேன். ஊரைப் பற்றி ஒரு வரி எழுதவில்லை.